சாலையைக் கடக்கும் வயது

1971இல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். 1990இல் அப்படிப் போனவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். இடையில் கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள்தாம். முதல் கணக்கெடுப்பின்போது எட்டு வயதில் தோழிகளோடு நடந்துபோன ஒரு பெண், இரண்டாவது கணக்கெடுப்பின்போது இருபத்தேழு வயதுத் தாயாகத் தன் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். தனக்குக் கிடைத்ததைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமல் போனதற்கு அவள் கோழையானதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா?

இந்த எண்களை நமக்குத் தந்தவர் மேயர் ஹில்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1971இல் ஐந்து பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை, 1990இல் ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் இருவரையும் சேர்த்துக்கொண்டு அதே பகுதிகளில் மீண்டும் நடத்தினார். அவர்கள் செய்த நல்ல காரியம், சுதந்திரம் என்ற பெரிய சொல்லை அளக்கக்கூடிய சின்னச் சின்ன அனுமதிகளாகப் பிரித்தது. பெரிய சாலையைத் தனியாகக் கடக்க விடுகிறார்களா? பள்ளி முடிந்து தனியாக வீடு திரும்ப விடுகிறார்களா? பள்ளி தவிர மற்ற இடங்களுக்கு? உள்ளூர்ப் பேருந்தில்? பெரிய சாலையில் சைக்கிளில்? இருட்டிய பிறகு? இந்த ஆறு அனுமதிகளும் எந்தெந்த வயதில் யார் யாருக்குக் கிடைக்கின்றன என்று பார்த்தால் ஓர் ஊர் தன் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிடும். சைக்கிள் விஷயம் மட்டும் பாருங்கள். 1971இல் சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேருக்குச் சாலையில் ஓட்ட அனுமதி இருந்தது. 1990இல் சைக்கிள் இல்லாத பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் சாலையில் ஓட்ட விடப்பட்டவர்கள் நாலில் ஒருவர்தான். மற்ற சைக்கிள்கள் வீட்டு வாசலையும் பூங்காவையும் சுற்றின.

ஆய்வு நூலின் பெயர் ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’. பிள்ளைகளை எச்சரிக்க அரசு ஒட்டிய சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டி ஒன்றிலிருந்து எடுத்த தலைப்பு அது. ஓர் அடி தவறாக வைத்தால் உயிர் போய்விடும் என்பது சுவரொட்டியின் செய்தி. அடி எடுத்துவைக்கும் பிள்ளைக்கு மட்டுமே அந்த எச்சரிக்கை. வண்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் பிரிட்டனில் வாகனப் போக்குவரத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு இதற்குப் பொருள் சொன்னது. ஹில்மன் குழு வேறு விளக்கம் தந்தது: சாலைகள் மேலும் ஆபத்தாகிவிட்டன, அதனால் பெற்றோர் பிள்ளைகளை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், இல்லாத இடத்தில் பிள்ளை எப்படி இறக்கும்? ஆற்றில் முதலை பெருகியதால் யாரும் குளிக்கப் போவதில்லை என்றாகிவிட்ட ஊரில், முதலை கடித்துச் செத்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஆற்றைப் பாராட்டுவதுபோல அரசின் வாதம் இருந்தது.

எனக்கு இந்த விளக்கம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அசைக்க முடியாததாகவே தெரிகிறது. பிள்ளைகளை எந்த வயதில் தனியாக விடலாம் என்ற விவாதம் எங்கு நடந்தாலும், பெற்றோரின் குணத்தைப் பற்றிய விவாதமாகவே அது மாறிவிடுகிறது. பொத்திப் பொத்தி வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், தண்ணீர் தெளித்துவிட்டவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் ஓடும் வண்டி விவாதத்துக்குள் வருவதே இல்லை. பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் வண்டிகள் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன என்று கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அது உவமையாகச் சொல்லப்படுவதும் அல்ல. பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள எல்லைகளைப் பற்றிய ஆய்வுகளே அப்படிச் சொல்கின்றன.

எதிரே வரும் வண்டியின் வேகத்தை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? நேராக நம்மை நோக்கி வருகிற வண்டி இடமோ வலமோ நகர்வதில்லை. கண்ணில் விழும் அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அந்தப் பெருக்கத்தின் வேகத்தை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திறனை அளந்தது. வண்டி ஐந்து நொடி தொலைவில் இருக்கும்போது, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் வரையிலும் பெரியவர்களால் ஓரளவு சரியாகக் கணிக்க முடிந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் கணிப்பு தடுமாறியது. காரணம் நுட்பமானது. வேகமாக வரும் வண்டி அதே ஐந்து நொடி தொலைவில் இருக்கும்போது தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதால் அதன் உருவம் மெல்லத்தான் பெரிதாகிறது. அந்த மெல்லிய மாற்றத்தைப் பிள்ளையின் பார்வை பிடிப்பதில்லை. பிள்ளைக்கு அந்த வண்டி நின்றுகொண்டிருப்பதாகவோ ஊர்ந்து வருவதாகவோ தோன்றலாம். ஆக, எது அதிக ஆபத்தான வண்டியோ அதுவே பிள்ளையின் கண்ணுக்குக் குறைந்த ஆபத்தாகத் தெரிகிறது. ‘ரெண்டு பக்கமும் பாத்துப் போ’ என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை சொன்னபடி பார்க்கத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி ப்ளூமெர்ட் குழுவினர் செய்த ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கணினியில் உருவாக்கிய சாலையில், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து வரும் கார்களுக்கிடையே பிள்ளைகளை நடந்து கடக்கச் சொன்னார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நூறு முறையில் எட்டு முறை கார் மோதும்படி கடந்தார்கள். பன்னிரண்டு வயதில் அது இரண்டாகக் குறைந்தது. பெரியவர்களைப் போலக் கடந்தவர்கள் பதினான்கு வயதினர்தான். சிறு பிள்ளைகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்று. தேர்ந்தெடுத்த பிறகு உடனே காலெடுத்து வைப்பதில் இன்னொன்று. பெரியவர் முதல் கார் தாண்டும் அதே கணத்தில் இறங்கிவிடுகிறார். பிள்ளை தாண்டியதா என்று உறுதி செய்துகொண்டு இறங்குகிறது. அந்த நேரத்தில் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டுப் பதினான்கு வயது வரை யாரையும் வெளியே விடக்கூடாது என்று சொல்வது எளிது. இதே கேள்வியை முன்பே ஆராய்ந்த ஸ்வீடனில் வேறு முடிவுக்கு வந்தார்கள். ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1960களிலேயே போக்குவரத்தில் சிறு பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்தார். சிறு பிள்ளையைப் பயிற்சியால் போக்குவரத்துக்கு முழுமையாகப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. முப்பத்திரண்டு கிலோமீட்டர் வரை பிள்ளையின் கண் வேலை செய்கிறது என்றால், முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாத தெருவில் எட்டு வயதுப் பிள்ளை தன் கண்ணை நம்பலாம். அறுபதில் வண்டிகள் பறக்கும் தெருவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் நம்ப முடியாது. சாலையைக் கடக்கும் வயது பிள்ளையின் பிறந்த தேதியில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கிளாஸ்கோ நகரின் ட்ரம்சாப்பெல் பகுதியில் ஜேம்ஸ் தாம்சனும் சகாக்களும் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை, வகுப்பறையில் படம் காட்டாமல், தெருவோரத்துக்கே கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் உள்ளூர்ப் பெற்றோர். ஒருவர் பொறுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள். கடக்க எது நல்ல இடம், நிறுத்தியிருக்கும் கார்களுக்கிடையே எப்படிப் போவது, சந்திப்பில் எப்படிப் பார்ப்பது என்ற மூன்று திறன்களை மட்டும் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற சிறு பிள்ளைகள் தங்களைவிட மூத்த பிள்ளைகளுக்கு நிகராக இடம் தேர்ந்தெடுத்தார்கள். ‘கெர்ப்கிராஃப்ட்’ என்ற பெயரில் அது பின்னர் பிரிட்டனின் பல பகுதிகளுக்கும் பரவியது. எங்கே கடப்பது என்பது கற்றுக்கொடுக்கக்கூடிய அறிவு. வருகிற வண்டியின் வேகத்தைக் கணிப்பது வளர்ந்து வரவேண்டிய திறன். முன்னதைப் பெற்றோரும் பள்ளியும் பார்த்துக்கொள்ளலாம். பின்னதற்குப் பொறுப்பேற்க வேண்டியது வேக வரம்பைத் தீர்மானிக்கும் அரசு.

ஹில்மனின் ஆறு கேள்விகளும் பின்னர் பதினாறு நாடுகளுக்குப் போயின. ஏழு முதல் பதினைந்து வயதுவரையான பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்ட அந்த ஒப்பீடு 2015இல் வெளியானது. இலங்கையும் அதில் ஒரு நாடு, இந்தியா இல்லை. முதலிடம் ஃபின்லாந்துக்கு. அங்கே ஏழு வயதுப் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் நடந்து போகக்கூடிய இடங்களுக்குத் தனியாகப் போகிறார்கள். எட்டு வயதில் பெரும்பான்மையினர் பெரிய சாலையைக் கடக்கவும் பள்ளியிலிருந்து தனியே திரும்பவும் அனுமதி பெறுகிறார்கள். பத்து வயதில் பேருந்து. ஃபின்லாந்துப் பெற்றோர் நம்மைவிடப் பிள்ளைகள்மேல் பாசம் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுடைய தலைநகரான ஹெல்சிங்கியில் தெருக்களின் வேக வரம்பைப் பல பத்தாண்டுகளாகப் படிப்படியாகக் குறைத்து, பாதிக்கும் மேற்பட்ட தெருக்களை மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். 2019ஆம் ஆண்டு முழுவதும் அந்த நகரத்தில் சாலை விபத்தில் பாதசாரி ஒருவர்கூட இறக்கவில்லை.

பிள்ளைகளின் சுதந்திரம் என்றால் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜப்பான். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி மறைந்திருந்து படம் பிடிக்கும் ‘ஹஜிமெதே நோ ஒட்சுகாய்’ நிகழ்ச்சி 1991 முதல் நிப்பான் தொலைக்காட்சியில் வருகிறது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் அதை உலகுக்கே காட்டியது. அந்த நிகழ்ச்சியை வைத்து ஜப்பானைப் புரிந்துகொள்ளக் கூடாது. கேமராக்காரர்களும் ஊழியர்களும் சூழ்ந்து நிற்கத்தான் அந்தப் பிள்ளை ‘தனியாக’ப் போகிறது. ஜப்பானின் உண்மையான சாதனை ஆறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கு நடந்துபோவது. அது அவர்களுடைய பண்பாட்டிலேயே ஊறியது என்று சொல்லப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1950களின் இறுதியிலிருந்து ஜப்பானியச் சாலைகளில் நடந்ததை அவர்களே ‘போக்குவரத்துப் போர்’ என்று அழைத்தார்கள். 1970இல் மட்டும் 16,765 பேர் சாலையில் இறந்தார்கள். அதுவே அந்த நாட்டின் உச்சம். ஜப்பான் அந்தப் போரைப் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வதன் மூலம் மட்டும் முடிக்கவில்லை. 1959இல் டோக்கியோவில் பள்ளி வழிகளில் பச்சைச் சீருடையில் பெண்களை நிறுத்தினார்கள். ‘பச்சை அத்தைகள்’ என்று பிள்ளைகள் அழைத்த அவர்களில் கணவனை இழந்து வேலை தேடிய பெண்கள் பலர். 1962இல் வந்த ஒரு சட்டம், கார் வாங்குகிறவர் அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. குடியிருப்புத் தெருக்களில் வரிசையாகக் கார்கள் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். நிற்கும் கார்களின் இடுக்கிலிருந்து வெளிப்படும் பிள்ளையைத்தான் ஓட்டுநர்கள் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதை நினைத்தால் அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். 1970இல் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென்றே தனி அடிப்படைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் பிள்ளைகள் நடக்க வேண்டிய வழியைக் குறித்துவைக்கிறது. பல ஊர்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, மேல்வகுப்புப் பிள்ளை முன்னே நடக்க, வரிசையாகப் போகிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி, பையின்மேல் மஞ்சள் உறை. ஓட்டுநருக்கு அந்த மஞ்சள் ஒரு செய்தி சொல்கிறது: இந்தப் பிள்ளைக்கு இன்னும் பழக்கமாகவில்லை. 2023இல் ஜப்பானில் சாலையில் இறந்தவர்கள் 2,678 பேர்.

அங்கும் பிள்ளைகள் இறக்கத்தான் செய்கிறார்கள். 2012 ஏப்ரலில் கியோட்டோ அருகே கமேயோகாவில் வரிசையாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகள்மேல் கார் பாய்ந்தது. 2021 ஜூனில் சிபா மாகாணத்தின் யாச்சிமாதாவில் குடித்துவிட்டு ஓட்டியவரின் லாரி, பள்ளி முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகளைத் தாக்கி இருவரைக் கொன்றது. அந்தச் சாலையில் நடைபாதை இருக்கவில்லை. இரண்டு முறையும் அரசு நாடு முழுவதும் பள்ளி வழிகளை நடந்து பார்த்துச் சோதிக்கச் சொன்னது. ஒவ்வொரு முறையும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சரிசெய்ய வேண்டியவையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடுங்கள் என்ற யோசனையைவிட இந்த எழுபதாயிரம் இடங்களின் பட்டியல் எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

சாலையைவிடக் கடினமானது மனிதர்களைப் பற்றிய பயம். 1990களின் நடுவிலிருந்து ஜப்பானில் கடைகளும் வீடுகளும் ‘குழந்தைகளின் 110’ என்ற ஒட்டியை வாசலில் வைக்கத் தொடங்கின. 110 என்பது அங்கே காவல்துறையின் எண். பயந்த பிள்ளை அந்த வாசலுக்குள் ஓடிவிடலாம். முதியவர்கள் பள்ளி விடும் நேரத்தில் தெருமுனையில் நிற்கிறார்கள். 2017இல் சிபா மாகாணத்தில் பள்ளிக்குப் போன ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் அந்தப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவராக இருந்தவர், வழியில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் ஜப்பானைப் புகழ்வது நேர்மையாகாது. இது காட்டும் ஆபத்தும் நமக்குப் புதிதில்லை. இந்தியாவில் போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர் என்றே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்துபோகிறவர். அந்நியரிடமிருந்து காப்பதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது இந்த ஆபத்தைக் குறைப்பதில்லை. தொட்டால் சத்தம் போடவும், நடந்ததை வந்து சொல்லவும், சொன்னால் நம்பப்படுவோம் என்று உறுதியாக இருக்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதே காப்பு. அதை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

அந்நியர் பயத்தை ஒரு நாடு முழுக்க வளர்த்தெடுத்த கதையை அமெரிக்காவில் பார்க்கலாம். 1979இல் நியூயார்க்கில் பள்ளிப் பேருந்துக்கு முதல்முறை தனியாக நடந்துபோன ஆறு வயதுச் சிறுவன் காணாமல் போனான். 1980களில் காணாமல் போன பிள்ளைகளின் படங்கள் பால் அட்டைப் பெட்டிகளில் அச்சாகி ஒவ்வொரு வீட்டின் காலை உணவு மேசைக்கும் வந்தன. 1969இல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 48 பேர் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போனார்கள்; 2009இல் 13 பேர். பள்ளிகள் தொலைவுக்குப் போனதும் இதற்கு ஒரு காரணம். அந்நியரோ அரைகுறையாகத் தெரிந்தவரோ பிள்ளையைத் தூக்கிச் சென்று அடைத்துவைக்கும் அல்லது கொல்லும் வகைக் கடத்தல்கள் எத்தனை என்று அமெரிக்க நீதித் துறைக்காக நடந்த ஆய்வுகள் எண்ணின. 1999இல் சுமார் 115, 2011இல் சுமார் 105. ஏழு கோடிப் பிள்ளைகள் இருக்கும் நாட்டில். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அழிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது நிகழும் மரணங்கள் ஆண்டுதோறும் இதைப் போலப் பல மடங்கு.

இந்தப் பயத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஓர் ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆஷ்லி தாமஸ், கைல் ஸ்டான்ஃபோர்ட், பார்பரா சர்னெக்கா மூவரும் 2016இல் வெளியிட்டது. பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக விடப்பட்ட சிறு நிகழ்வுகளைக் கொடுத்து, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிள்ளையும் இடமும் நேரமும் ஒன்றே. தாய் விட்டுப்போன காரணம் மட்டும் மாறியது. அவள் விபத்தில் மயங்கிவிட்டதால் திரும்ப முடியவில்லை என்றால் ஆபத்து குறைவாக மதிப்பிடப்பட்டது. வேலைக்குப் போனாள் என்றால் கூடியது. காதலனைப் பார்க்கப் போனாள் என்றால் மிகவும் கூடியது. தாயின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப ஆபத்தின் அளவை மக்கள் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. 2014இல் தென் கரோலைனாவில், உணவகத்தில் வேலை பார்த்த ஒரு தாய் ஒன்பது வயது மகளைப் பூங்காவில் விளையாட விட்டதற்காகக் கைது செய்யப்பட்டார். மகள் அரசுக் காப்பில் வைக்கப்பட்டாள். அந்தத் தாய் கறுப்பினப் பெண். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வசதியில்லாதவர்.

இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எதிராகத்தான் அங்கே சட்டங்கள் வந்தன. தன் ஒன்பது வயது மகனை நியூயார்க் சுரங்க ரயிலில் தனியாக வர விட்டதைப் பற்றி 2008இல் பத்திரிகையில் எழுதியதற்காக ‘அமெரிக்காவின் மிக மோசமான தாய்’ என்று பெயர் வாங்கிய லெனோர் ஸ்கெனாசி ஓர் இயக்கத்தையே தொடங்கினார். 2018இல் யூட்டா மாநிலம் முதலாவதாக, தகுந்த வயதுப் பிள்ளை தனியாக நடந்து போவதையோ விளையாடுவதையோ புறக்கணிப்பு என்று கருதக்கூடாது எனச் சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. நல்ல சட்டங்கள்தாம். ஆயினும் தாயைக் காவல்துறையிடமிருந்து காக்கும் சட்டம் பிள்ளையை வண்டியிடமிருந்து காப்பதில்லை. ஸ்கெனாசியின் இயக்கம் பெற்றோரின் மனத்தை மாற்ற எடுத்த முயற்சியில் பாதியையாவது அமெரிக்கத் தெருக்களை மாற்ற எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

தனியாகப் போய்வருவதால் பிள்ளைக்கு என்ன நன்மை? பீட்டர் கிரே, டேவிட் லான்சி, டேவிட் பியோர்க்லண்ட் மூவரும் 2023இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில், பிள்ளைகளின் தன்னிச்சையான செயல்பாடுகள் பல பத்தாண்டுகளாகக் குறைந்ததே அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று வாதிட்டார்கள். நான் இதை எச்சரிக்கையோடுதான் ஏற்கிறேன். இரண்டு கோடுகள் ஒரே காலத்தில் எதிரெதிராகப் போவது ஒன்று இன்னொன்றை உண்டாக்கியதற்குச் சான்றாகாது. அந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது எதுவுமில்லை. இதைவிடச் சிறிய, ஆனால் உறுதியான சான்று நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து வருகிறது. அங்கே ஒரே ஆண்டில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் கீழே விழுந்து பலமாக அடிபட்டவர்களுக்குப் பதினெட்டு வயதில் உயரத்தைக் கண்டு பயம் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? பயம் இல்லாதவர்களிடையேதான் அப்படி விழுந்து அடிபட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

மனநலச் சான்று முழுமையாக வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பார்பரா ரோகோஃபும் சகாக்களும் 1975இல் ஐம்பது சமூகங்களைப் பற்றிய பதிவுகளைப் படித்து, எந்த வயதில் பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, ஆடு மாடு மேய்ப்பது, வீட்டு வேலை என எல்லாமே பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கின. இதைச் சொல்லிப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்த வயதில் பிள்ளைக்குள் ஏதோ ஒன்று தயாராகிவிடுகிறது என்பதை வெவ்வேறு கண்டத்து மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022இல் இந்த மாநிலத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். பத்துக் கோடிக்கும் அதிகமான மக்கள் இருந்த ஜப்பான் ‘போர்’ என்று அலறிய 1970இன் எண்ணைவிட இது அதிகம். நம் மக்கள்தொகை எட்டுக் கோடிக்கும் குறைவு. ஜப்பானின் எண் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை மட்டும் கணக்கிடுவது என்பதால் ஒப்பீட்டில் கொஞ்சம் தள்ளுபடி கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும், மக்கள்தொகை விகிதப்படி நாம் அந்த உச்சத்தில்தான் நிற்கிறோம். இங்கே பிள்ளையைத் தனியாக விடாத பெற்றோரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வாசலில் நடைபாதை இல்லை; இருந்தால் அதன்மேல் மின்மாற்றியோ, நிறுத்திய பைக்குகளோ இருக்கும். தெருவுக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் பைக் வரும்.

வசதியுள்ளவர் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார். மாலையில் அப்பார்ட்மென்ட் வளாகத்துக்குள் விளையாட விடுகிறார். விடிகாலையில் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் தாயின் பிள்ளை தானே எழுந்து, தங்கைக்குத் தலை சீவிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அதே சாலையைக் கடந்து பள்ளிக்கு நடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு யாரும் சுதந்திரம் ‘அனுமதிக்க’வில்லை, வேறு வழியில்லாததால் அது வாய்த்தது. பெண் பிள்ளைக்கு அதுவும் ஒரு வயதோடு நின்றுபோகிறது. பூப்படைந்ததும் கடைக்கு அனுப்புவதை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் எத்தனையோ. ஆறு கேள்விகளை இங்கே கேட்டால் ஆண் பிள்ளைக்கு வயதோடு ஏறும் கோடு, பெண் பிள்ளைக்கு ஓர் இடத்தில் மடங்கி இறங்கும் என்பது என் ஊகம். அந்த மடக்கத்தைச் சாலை சீரமைப்பு நிமிர்த்தாது. அது நம் வீடுகளுக்குள் நடக்க வேண்டிய வேலை.

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கிலோமீட்டர் என்பது ஆறு வயதுப் பிள்ளை இருபது நிமிடத்தில் நடந்துவிடும் தூரம். ஜப்பானில் தொடக்கப் பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் வரை நடக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். தூரத்தைப் பொறுத்தவரை பிள்ளை நடந்து வரும் என்று நம்பித்தான் நம் சட்டமும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு கிலோமீட்டர் வழி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் அது பேசவில்லை.

அதே சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், சத்துணவு எல்லாம் பேசும் அந்தக் குழு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு நாள் காலையில் பிள்ளைகள் வரும் வழிகளை நடந்து பார்க்கலாம். எந்த இடத்தில் பிள்ளைகள் கடக்கிறார்கள், வண்டிகள் எங்கே வேகமெடுக்கின்றன, எந்தத் திருப்பத்தில் ஆள் தெரிவதில்லை, எந்த மூலையில் சிறுமிகள் ஒதுங்கிப் போகிறார்கள், ஏன், எந்தக் கடைக்காரர் அவசரத்துக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார் என்று எழுதி, ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தீர்மானமாக அனுப்பலாம். முப்பது கிலோமீட்டர் வரம்பும், அதை மீற முடியாதபடி சாலையின் மட்டத்தை உயர்த்திப் போட்ட கடவையும் முதலில் கேட்க வேண்டியவை. நடந்து பார்க்கும்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரைக் கட்டாயம் உடன் கூட்டிப்போக வேண்டும். நிறுத்தியிருக்கும் காருக்கு மேலாக வருகிற வண்டி பெரியவர்களுக்குத் தெரிந்துவிடும். நான்கடிக்கும் குறைவான உயரத்தில் நிற்கிற பிள்ளைக்கு அங்கே காரின் கதவு மட்டும்தான் தெரியும்.